கவுன்சலிங் இடமா, நிகர்நிலைப் பல்கலைக்கழகமா? கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கைக்கு முன் நாம் போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும். கையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ஏப்ரலிலேயே நுழைவுத் தேர்வு எழுதி, "இத்தனை நாளுக்குள் முன்பணம் கட்டுங்கள்" என்ற மின்னஞ்சலும் வந்திருக்கும். இன்னொன்று, அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கான அரசுக் கலந்தாய்வு. அதன் தரவரிசைப் பட்டியல் வர இன்னும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பில்தான் பல குடும்பங்கள் தவறு செய்துவிடுகின்றன. "கட்டிய பணம் போய்விடுமோ" என்ற அச்சத்தில் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். பின்னர், தம் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு நல்ல கல்லூரியே கிடைத்திருக்கும் என்று தெரியவரும்போது கலந்தாய்வு முடிந்துபோயிருக்கும்.

இரண்டில் எது சிறந்தது என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. இரண்டு வாசலையும் திறந்து வைத்துக்கொண்டு, கணக்குப் போட்டு, அதன் பிறகு முடிவெடுக்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பது 1956 ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3 ஆம் பிரிவின்படி, மத்திய அரசால் பல்கலைக்கழகத்துக்கு நிகரானதாக அறிவிக்கப்பட்ட நிறுவனம். பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் அதன் கையிலேயே இருக்கும். நம் சமுதாயத்தினர் நன்கறிந்த வண்டலூர் பி.எஸ். அப்துர் ரஹ்மான் கிரசென்ட் நிறுவனமும் இவ்வகையைச் சேர்ந்ததே. 1984 இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் நிகர்நிலை தகுதி பெற்றது.

அண்ணா பல்கலைக்கழகம் 1978 இல் தொடங்கப்பட்ட மாநில அரசுப் பல்கலைக்கழகம். கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்றவை அதன் சொந்த வளாகங்கள். இவை தவிர, தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான கல்லூரிகள் அதனோடு இணைந்துள்ளன. கீழக்கரை முஹம்மது சதக், மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் பொறியியல் கல்லூரிகள் அந்தப் பட்டியலில் உள்ளவை.

இணைப்புக் கல்லூரிகளிலும் தன்னாட்சி பெற்றவை உண்டு. அவை தாமே பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்தும்; பட்டத்தை அண்ணா பல்கலைக்கழகம் வழங்கும். தன்னாட்சி இல்லாத கல்லூரிகளில் பாடத்திட்டமும் கேள்வித்தாளும் பல்கலைக்கழகத்துடையவை.

பி.இ. என்றாலும் பி.டெக். என்றாலும் வேலைக்கும் மேற்படிப்புக்கும் மதிப்பு ஒன்றே. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

3.5 சதவீதம் எங்கே கிடைக்கும்?

நம் குடும்பங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் இது முழுமையாகப் பின்பற்றப்படுகிறது. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் இடங்கள் அந்தக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. ஆகவே அங்கே இந்த ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது.

கலந்தாய்வில் 31 சதவீத இடங்கள் பொதுப் பிரிவுக்கு உரியவை. நல்ல மதிப்பெண் பெற்ற முஸ்லிம் மாணவர் முதலில் அந்தப் பொது இடத்துக்குத் தகுதி பெறுவார். அங்கே கிடைக்காவிட்டால் 3.5 சதவீதத்தில் பார்க்கப்படுவார். அதாவது, நமக்கு இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன.

ஆனால் சாதிச் சான்றிதழ் சரியாக இருக்க வேண்டும். அன்சார், தக்னி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மற்றும் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகிய பிரிவினர் இப்பட்டியலில் உள்ளனர். சான்றிதழில் பிரிவின் பெயரும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்பதும் தெளிவாக இருக்கின்றனவா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். பழைய சான்றிதழில் பிழை இருந்தால், தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். மே, ஜூன் மாதங்களில் அங்கே கூட்டம் அலைமோதும்.

சிறுபான்மைக் கல்லூரிகளைப் பற்றியும் ஒரு விவரம். சுயநிதிக் கல்லூரிகளில் சிறுபான்மை அல்லாதவை 65 சதவீத இடங்களைக் கலந்தாய்வுக்குத் தர வேண்டும். சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதம் தர வேண்டும். எனவே நம் சமுதாயக் கல்லூரிகளிலும் பாதி இடங்கள் கலந்தாய்வு வழியே அரசு நிர்ணயித்த கட்டணத்தில் கிடைக்கின்றன. நேராகக் கல்லூரி அலுவலகத்துக்குப் போய் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்-ஆஃப் கணக்கும் கடந்த ஆண்டின் விவரமும்

தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதத்தை 100 க்கும், இயற்பியல், வேதியியல் இரண்டையும் தலா 50 க்கும் மாற்றி, மொத்தம் 200 க்குக் கணக்கிடுவார்கள். கணிதத்தில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 94 எடுத்த மாணவருக்கு 96, 46, 47 எனக் கூட்டினால் கட்-ஆஃப் 189.

இந்த எண் கையில் வந்ததும், யாரிடமும் விசாரிப்பதற்கு முன், பொறியியல் சேர்க்கைக்கான அரசு இணையதளத்துக்குச் செல்லுங்கள். எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவில், எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவில், கடைசியாக எந்தக் கட்-ஆஃப் வரை இடம் கிடைத்தது என்ற விவரம் முந்தைய ஆண்டுகளுக்கு அங்கே உள்ளது. பொதுப் பிரிவையும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவையும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். பிள்ளைக்கு எட்டக்கூடிய பத்துப் பதினைந்து கல்லூரிகளின் பட்டியல் கையில் வந்துவிடும். நிகர்நிலையோடு ஒப்பிட வேண்டியது இந்தப் பட்டியலைத்தான். "கவுன்சலிங்கில் நல்லது எதுவும் கிடைக்காது பாய்" என்று யாரோ சொன்னதை வைத்து ஒப்பிடாதீர்கள்.

நான்கு ஆண்டுக் கணக்கு

கட்டணத்தைப் பேசும்போது பெரும்பாலோர் முதலாண்டுத் தொகையை மட்டுமே பார்க்கிறோம். நான்கு ஆண்டுக்கும், விடுதியோடு சேர்த்து எழுதிப் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. இதிலுள்ள தொகைகள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் கையிலுள்ள உண்மைத் தொகையை இதே போல் போட்டுப் பாருங்கள். நிகர்நிலையில் ஆண்டுக் கட்டணம் 3 லட்சம், விடுதியும் உணவும் 1.25 லட்சம் என்றால், நான்கு ஆண்டுக்கு 17 லட்சம். கலந்தாய்வு வழியே சேரும் கல்லூரியில் எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு 1 லட்சம், விடுதி 80 ஆயிரம் என்றால், நான்கு ஆண்டுக்கு 7.2 லட்சம். வேறுபாடு 9.8 லட்சம், ஏறக்குறைய 10 லட்சம்.

இந்த 10 லட்சம் கையிருப்பில் இருந்து வந்தால் ஒரு நிலை. கல்விக் கடனாக வந்தால் வேறு நிலை. 10 சதவீத வட்டியில், ஆண்டுக்கு இரண்டரை லட்சமாக நான்கு ஆண்டுகள் வாங்கினால், படிப்பு முடியும்போது வட்டி மட்டும் 2.5 லட்சம் சேர்ந்திருக்கும். வேலை தேட வங்கி தரும் ஓராண்டு அவகாசத்தில் இன்னும் 1 லட்சம். ஆக, திருப்பிச் செலுத்தத் தொடங்கும்போதே கடன் 13.5 லட்சம். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 17,800 ரூபாய். மொத்தத்தில், வாங்கிய 10 லட்சத்துக்கு 21 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்போம்.

இப்போது சம்பளத்தைப் பாருங்கள். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்குத் தரும் தொடக்கச் சம்பளம் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே இருக்கிறது. பிடித்தம் போக மாதம் 25 ஆயிரம் அளவில் கைக்கு வரும். அதில் 17,800 தவணைக்குப் போனால், சென்னையிலோ பெங்களூரிலோ அந்தப் பிள்ளை எப்படி வாடகை கொடுத்துச் சாப்பிடும்? வீட்டுக்கு என்ன அனுப்பும்?

நம்மைப் பொறுத்தவரை வட்டி என்பது வெறும் கணக்கு மட்டும் இல்லை. மார்க்கம் தடுத்த ஒன்றில் பிள்ளையின் முதல் சம்பளத்திலிருந்தே கால் வைக்கிறோமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அதை மாலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். கடனே தேவைப்படாத ஒரு நல்ல கல்லூரி கலந்தாய்வில் கிடைக்குமானால் அந்தக் கேள்வியே எழாது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

அரசு தரும் சலுகைகள்

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், கலந்தாய்வு வழியே சேருபவருக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்குரிய சான்றிதழையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. இதில் பொறியியல் இடம் பெறுவோருக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் வேறு எந்த வழியையும் யோசிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

அரசு உதவி பெறும் பள்ளிகள் இந்த 7.5 சதவீதத்தில் வராது. நம் ஊர்களில் பல பள்ளிகள் உதவி பெறும் பள்ளிகளாக இருப்பதால் இதில் குழப்பம் ஏற்படுகிறது. அங்கே தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு வேறு உதவி இருக்கிறது: மாணவியருக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். 2024 முதல் இவை அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி மாணவர்களுக்கும் உண்டு.

தரத்தை எப்படி அறிவது?

விளம்பரப் பலகையில் "44 லட்சம் சம்பளம்" என்று ஒரு மாணவரின் படம் இருக்கும். அது ஒருவருடைய சம்பளம். நாம் கேட்க வேண்டியது, எல்லோருடைய சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்பதை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வெளியாகிறது. அதில் பங்கேற்ற நிறுவனங்கள் கொடுத்த விவரங்கள் அந்த இணையதளத்திலேயே உள்ளன. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று எல்லாம் இருக்கும். இவை நிறுவனங்கள் தாமே கொடுத்தவை, எல்லாப் பாடப்பிரிவுகளுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டவை என்பதையும் மனதில் கொள்ளுங்கள்.

நாக் அங்கீகாரம் கல்லூரி முழுமைக்கும் தரப்படுவது. என்.பி.ஏ. அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனியாகத் தரப்படுவது. கல்லூரிக்கு நாக் இருந்தாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்து, ஆசிரியர் எண்ணிக்கை. ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். ஆண்டுக்கு 60 பேர் சேரும் பிரிவில் நான்கு ஆண்டுக்கு 240 பேர். ஆகவே 12 ஆசிரியர்கள் தேவை. ஒரே பிரிவில் ஆயிரம் பேரைச் சேர்க்கும் இடத்தில் 200 ஆசிரியர்கள் இருக்க வேண்டும். சிறப்பாகச் செயல்படும் கல்லூரிகளுக்கு இருந்த மாணவர் எண்ணிக்கை உச்சவரம்பை 2024 இல் ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிவிட்ட பிறகு, கம்ப்யூட்டர் சயின்ஸில் எத்தனை இடங்கள் என்ற கேள்வி முன்பைவிட முக்கியமாகிவிட்டது.

செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், சைபர் பாதுகாப்பு என்று புதிய பெயர்களில் நிறையப் பிரிவுகள் வந்துவிட்டன. பெயர் எதுவானாலும் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், கம்ப்யூட்டர் நெட்வொர்க், டேட்டாபேஸ், இவற்றுக்கு அடிப்படையான கணிதம் ஆகியவை இருக்க வேண்டும். வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் கேட்பதும் இவற்றைத்தான். இவை சரியாக இருந்தால் ஐ.டி. பிரிவானாலும் தயங்க வேண்டியதில்லை.

முடிந்தால் பிள்ளையோடு இரண்டு இடங்களுக்கும் நேரில் சென்று வாருங்கள். அலுவலகத்தில் விசாரித்த பிறகு, வாசலில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் பேசுங்கள். வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா, ஆய்வகத்தில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் உண்டா, ஜும்ஆவுக்குப் போக வழியுண்டா, விடுதிச் சாப்பாடு எப்படி, ரமளானில் ஸஹருக்கு என்ன செய்கிறார்கள் என்று அவர்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்வார்கள்.

பெண் பிள்ளை என்றால் "பக்கத்தில் இருப்பது போதும்" என்று பேச்சை முடித்துவிடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தூரமும் பாதுகாப்பும் கவலைப்பட வேண்டியவைதான். ஆனால் மகனுக்குப் போடும் அதே கணக்கை மகளுக்கும் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவதே நியாயம்.

கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். அதற்கு விதி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2024-25 கல்வியாண்டுக்கு வெளியிட்ட அறிவிப்பின்படி, செப்டம்பர் 30 வரை சேர்க்கையை ரத்து செய்தால் முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31 வரை ரத்து செய்தால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியையும் தர வேண்டும். இந்த விதி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால், நீங்கள் சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் மானியக் குழுவின் விதி. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பணமோ சான்றிதழோ தர மறுத்தால், எழுத்து மூலம் கோரிக்கை கொடுத்து நகலை வைத்துக்கொண்டு, மானியக் குழுவின் இ-சமாதான் தளத்தில் புகார் செய்யலாம். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்க மறக்காதீர்கள். ரசீது இல்லாமல் கேட்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எனவே நிகர்நிலையில் முன்பணம் கட்டியிருந்தாலும் கலந்தாய்வுக்குத் தவறாமல் பதிவு செய்யுங்கள். நம் பிள்ளைகளுக்கான பதிவுக் கட்டணம் 500 ரூபாய்தான். பதிவு செய்தவர்கள் தரவரிசை எண் வந்த பிறகு வேண்டாம் என்று விடலாம். பதிவே செய்யாதவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. விருப்பப் பட்டியலில் கல்லூரிகளை எழுதும்போது, கிடைக்கும் என்று தோன்றுவதை முதலில் எழுதாமல், உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதை முதலில் எழுதுங்கள். ஒதுக்கப்பட்ட இடத்தை ஏற்றுக்கொண்டே, பட்டியலில் அதற்கு மேலுள்ளது காலியானால் தரும்படி கேட்கவும் வழியிருக்கிறது.

நிகர்நிலை எப்போது சரி?

கலந்தாய்வில் எட்டக்கூடிய கல்லூரிகளில் ஆசிரியர்களும் ஆய்வகமும் போதுமானதாக இல்லை. நிகர்நிலையிலோ நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்குக் கட்டணச் சலுகை கிடைத்திருக்கிறது. குடும்பம் கடனில்லாமல் கட்ட முடியும். இப்படி அமைந்தால் நிகர்நிலையே நல்ல தேர்வு. காலத்துக்கேற்பப் பாடத்திட்டத்தை விரைவாக மாற்றும் சுதந்திரம் அவற்றுக்கு உண்டு. சிலவற்றில் வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்களும் அதிகம். ஆனால் கட்டணச் சலுகை நான்கு ஆண்டுக்கும் உண்டா, அதற்கு எவ்வளவு மதிப்பெண்ணைத் தக்கவைக்க வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கலந்தாய்வில் நல்ல தன்னாட்சிக் கல்லூரியோ அரசுக் கல்லூரியோ எட்டும் தூரத்தில் இருந்தால், 10 லட்சம் கூடுதலாகக் கொடுத்து வேறிடம் போவதற்கு வலுவான காரணம் வேண்டும். "மாமா மகன் அங்கேதான் படிக்கிறான்" என்பது காரணம் ஆகாது.

ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்வதற்கு 1,000 ரூபாய் அளவில் தேவைப்பட்டது. அதற்காக அவருடைய அக்கா ஸொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். இன்றும் நம் வீடுகளில் எத்தனையோ உம்மாக்களும் அக்காக்களும் அதையே செய்கிறார்கள். நகையைக் கழற்றித் தர அவர்கள் தயங்குவதில்லை. அதனால்தான், அவர்களிடம் கேட்பதற்கு முன் அது தேவைதானா என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

இந்த வாரமே ஒரு தாளை எடுங்கள். இரண்டு பத்திகள் போடுங்கள். நான்கு ஆண்டு மொத்தச் செலவு, அதில் கடன் எவ்வளவு, நடுச் சம்பளம், ஆசிரியர் எண்ணிக்கை, என்.பி.ஏ., விடுதி என்று வரிசையாக எழுதுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், படிக்கப்போவது அவர்தான். ஆலோசனை செய்து, இஸ்திகாரா தொழுது, பிறகு முடிவெடுங்கள். மஹல்லா ஜமாஅத்துகள் மே மாதத்தில் ஒரு நாள் மாலை பள்ளிவாசல் வளாகத்தில் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் கலந்தாய்வுப் பதிவுக்கும் படித்த இளைஞர்களை அமர்த்தினால், இணையம் தெரியாத பெற்றோருக்குப் பெரிய உதவியாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.